மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்: புதுப்பித்தால் எது மிஞ்சும்?

யாழ்ப்பாண நகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மைதானத்தின் ஓரமாகப் பழைய கார்கள் வரிசைகட்டி நின்றன. ஏ9 வீதியால் தெற்கிலிருந்து வந்தவை முன்வரிசையில். பம்பரில் முகம் பார்க்கலாம், அப்படி ஒரு மினுக்கம். பெற்றோர் பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசி வரிசையில், வேப்பமர நிழலில், கறுப்பு ஒஸ்ரின் ஏ40 சோமசெற் ஒன்று நின்றது. நிறம் மங்கிப்போய், ஒரு கதவு மற்றக் கதவுகளைவிடச் சற்று வெளிறிய கறுப்பாக இருந்தது. எழுபது வயது கடந்த அதன் சொந்தக்காரர் பொனற்றைத் திறந்துவைத்துவிட்டுப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். உள்ளே, காபரேற்றருக்கு மேலே, பால்மா ரின்னை வெட்டி ஒட்டிச் செய்த சின்னத் தாங்கி. அதிலிருந்து ஒரு பித்தளைத் திருகி, ஒரு றப்பர் குழாய்.

பழைய கார்களில் நல்ல அறிவுள்ள இளைஞர் ஒருவர் அதைக் குனிந்து பார்த்தார். "ஐயா, இந்த ரின்னைக் கழட்டி, ஒரு பெயின்றும் அடிச்சா இது அசல் ஒரிஜினல் ஆகிடும். விலையும் ஏறும்" என்றார். அக்கறையோடுதான் சொன்னார்.

"கழட்டலாம் தம்பி. ஆனா பிறகு இது என்ர காரில்லை" என்றார் பெரியவர்.

இந்தக் கட்டுரை அந்த ரின்னைப் பற்றியது. பழைய கார்களை எப்படி அடையாளம் காண்பது, எப்படிப் பாதுகாப்பது என்று எழுதத்தான் அன்று போனேன். அதையும் எழுதுகிறேன். ஆனால் எங்கள் கார்களைப் பொறுத்தவரை, எதைப் பாதுகாப்பது என்ற கேள்விதான் முதலில் வருகிறது.

எது விண்டேஜ், எது கிளாசிக்?

பழைய கார் எல்லாவற்றையும் நாங்கள் 'விண்டேஜ்' என்றே சொல்கிறோம். பிரித்தானிய வழக்கின்படி அந்தச் சொல் 1919 முதல் 1930 வரை செய்யப்பட்ட கார்களுக்கு மட்டுமே உரியது. அதற்கு முந்தியவை 'வெட்ரன்'. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தியவை பொதுவாக 'கிளாசிக்'. ஆகவே யாழ்ப்பாணத் தெருக்களில் நாம் கண்டு வளர்ந்த ஏ40, மொறிஸ் மைனர், கேம்பிரிட்ஜ் எல்லாம் கிளாசிக் கார்கள்தான்.

பழைய வாகனங்களுக்கென்று ஓர் உலகச் சம்மேளனம் இருக்கிறது. 1966இல் தொடங்கிய அதன் பெயர் ஃபிவா. குறைந்தது 30 வருடம் பழையதாக இருக்கவேண்டும், வரலாற்று ரீதியாகச் சரியான நிலையில் பேணப்பட்டிருக்கவேண்டும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாததாக இருக்கவேண்டும் என்று வரலாற்று வாகனத்துக்கு அது வரைவிலக்கணம் சொல்கிறது.

மூன்றாவது நிபந்தனையில்தான் எங்கள் கார்கள் இடறுகின்றன. வேறு நாடுகளில் ஏ40 ஒன்று ஓய்வுபெற்று, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வெளியே வரும் காராக மாறி அரை நூற்றாண்டு ஆகிறது. இங்கே அது ஆசுபத்திரி வாசலிலும் பஸ் நிலையத்தடியிலும் 'ஹையர்' ஓடியது. மரக்கறி மூட்டை ஏற்றியது, கலியாண மாப்பிள்ளையை ஏற்றியது, சவப்பெட்டியையும் ஏற்றியது. முச்சக்கரவண்டிகள் பெருகும்வரை அதுதான் எங்கள் ரக்சி. உழைத்தே முதுமையடைந்த கார்கள் இவை.

எப்படி வந்தன, ஏன் நின்றன?

1952இல் ஒஸ்ரினும் மொறிஸும் இணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கோப்பரேசன் உருவானது. ஒஸ்ரின் கார்கள் பர்மிங்காமின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையிலிருந்தும் மொறிஸ் கார்கள் ஒக்ஸ்போர்ட்டுக்குப் பக்கத்திலுள்ள கௌலியிலிருந்தும் வந்தன. போருக்குப் பின் டொலருக்கும் அந்நியச் செலாவணிக்கும் தவித்த பிரித்தானியா, செய்த கார்களில் பெரும்பகுதியை ஏற்றுமதி செய்தது. சுதந்திரமடைந்தும் பிரித்தானியச் சந்தையோடு பிணைந்திருந்த இலங்கையில், 1950களின் தொடக்கத்தில் கொரியப் போர் றப்பர் விலையை உயர்த்தியிருந்தது. நாட்டில் பணம் புழங்கியது; கார்கள் இறங்கின.

பிறகு கதவு மூடப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரை பொருளாதாரம் ஏறத்தாழ மூடியே கிடந்தது. அதே காலத்தில்தான் வெங்காயமும் மிளகாயும் இறக்குமதியாகாததால் யாழ்ப்பாணத் தோட்டக்காரர் கையில் காசு சேர்ந்தது. காசு இருந்தது, வாங்கப் புதுக் கார் இல்லை. இருக்கிற காரைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. சுன்னாகத்திலும் நெல்லியடியிலும் கொடிகாமத்திலும் வளர்ந்த கராஜ்களின் கைத்திறன் அந்தப் பற்றாக்குறை கற்றுக்கொடுத்த பாடம்.

1977இல் சந்தை திறந்தபோது கொழும்பு யப்பானியக் கார்களுக்கு மாறத் தொடங்கியது. வடக்கு மாறி முடிவதற்குள் யுத்தம் வந்துவிட்டது.

அடையாளம் காண்பது எப்படி?

தெருவோரத்திலோ பழைய வளவொன்றிலோ ஒரு காரைக் கண்டால், பெயர்த்தகடு இல்லாவிட்டாலும் அதை இனங்காண முடியும்.

'ஏ போட்டி' என்று ஊர் சொல்லும் ஏ40 ஒரே கார் அல்ல. 1947 முதல் 1952 வரை வந்தது டெவன். முகப்பு உயர்ந்து ஒடுங்கி, போருக்கு முந்திய கார்களின் சாயலோடு இருக்கும். 1952 முதல் 1954 வரை வந்தது சோமசெற். உடல் முழுக்க உருண்டு திரண்டிருக்கும். முகப்பு அகலமாக, சிரிப்பதுபோல் இருக்கும். இரண்டிலும் 1200 சீசீ இயந்திரம். இரண்டுக்கும் உடலுக்குக் கீழே தனியான இரும்புச் சட்டம் உண்டு. யாழ்ப்பாணத்து மண் ஒழுங்கைகளில் இவை இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்கு அந்தச் சட்டம் ஒரு முக்கிய காரணம். சோமசெற்றில் கியர் தடி ஸ்ரேறிங் தண்டில் இருக்கும். முன் ஆசனம் நீள வாங்குபோல் ஒன்றாக இருக்கும். அதனால்தான் முன்னுக்கே மூன்றுபேர் இருந்து, பின்னுக்கு ஐந்துபேர் நெருக்கிக்கொண்டு போகமுடிந்தது.

1954இல் வந்த கேம்பிரிட்ஜ் வகையில் தனிச் சட்டம் இல்லை, உடலே சட்டம். 1957இல் ஏ55 வந்தது. 1959இல் இத்தாலியின் பினின்ஃபரினா வரைந்த கூரிய வால்களோடு அதன் இரண்டாவது வடிவம் வந்தது. 1961இல் வந்த ஏ60இல் அந்த வால்கள் தணிந்துவிட்டன. வாலைப் பார்த்தே வருடத்தைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம்.

மொறிஸ் மைனர் 1948இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த கார். பத்து இலட்சத்தைத் தாண்டி உற்பத்தியான முதல் பிரித்தானியக் கார் அதுதான். மிகப் பழையவற்றில் ஹெட்லைற் இரண்டும் மட்கார்ட்டில் இல்லாமல் முகப்புக்குள் தாழ்ந்திருக்கும். அப்படி ஒன்றைக் கண்டால் அரிய பொருளைக் கண்டிருக்கிறீர்கள். முன் கண்ணாடி நடுவில் பிரிந்திருந்தால் அது 1956க்கு முந்தியது. ஒரே வளைந்த கண்ணாடி என்றால் அதற்குப் பிந்திய மைனர் 1000. கதவுக்கும் கதவுக்கும் நடுவே, திரும்பும்போது வெளியே நீளும் சின்னக் கை இருந்தால் அது 1961க்கு முந்தியதாக இருக்கலாம். அந்த வருடத்தோடு மினுங்கும் சிக்னல் விளக்குகள் அதன் இடத்தைப் பிடித்தன. ஆனால் எங்கள் ஊரில் ஒரு காரின் கதவு இன்னொரு காருக்கு ஏறியிருக்கும். ஆகவே ஓர் அடையாளத்தை மட்டும் நம்பக்கூடாது.

நிச்சயமான சாட்சி, பொனற்றுக்கு உள்ளே உள்ள தகட்டில் பொறித்த சசி இலக்கம். இங்கிலாந்தின் கேடனிலுள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகத்தில் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகள் இருக்கின்றன. பதிவு மிஞ்சியிருக்கும் கார்களுக்கு, கட்டணம் செலுத்தினால் செய்த திகதி, ஆரம்ப நிறம், அனுப்பப்பட்ட இடம் ஆகியவற்றைச் சொல்லும் சான்றிதழை அங்கிருந்து பெறலாம்.

இலக்கத்தகடும் ஓர் ஆவணம்

காரின் வயதை அறிய இன்னொரு வழி இலக்கத்தகடு. அதில் எங்கள் அரசியலும் எழுதப்பட்டிருக்கிறது.

1950களின் நடுப்பகுதிவரை பதிவான வாகனங்களின் தகட்டில் இரண்டு ஆங்கில எழுத்துக்கள் இருக்கும். சீஎல், சீஎன், ஈஎல், ஈவை, ஈஎன் என்று போகும் அவை 'சிலோன்' என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துக்களைச் சேர்த்து உருவாக்கப்பட்டவை. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து 1957இன் தொடக்கத்தில், புதிதாகப் பதிவாகும் வாகனங்களுக்குச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து கட்டாயமானது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்தது. தமிழில் 'ஸ்ரீ' எழுதிய தகடுகளோடு வாகனங்கள் ஓடின. 1958 வசந்தத்தில் சிங்கள 'ஸ்ரீ' பொறித்த பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட்டபோது இளைஞர்கள் அந்த எழுத்தைத் தார் பூசி அழித்தார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது. அந்த ஏப்ரலில் பண்டா - செல்வா ஒப்பந்தம் கிழிந்தது. மே மாதம் கலவரம் வெடித்தது.

ஆக, ஒரு மைனரின் தகட்டில் ஈஎன் இருக்கிறதா ஸ்ரீ இருக்கிறதா என்பது வெறும் இலக்கம் அல்ல. அந்தக் கார் இந்த நாட்டின் எந்தக் கட்டத்தில் பதிவானது என்பதை அது சொல்கிறது. பழைய தகட்டைக் கழற்றிக் குப்பையில் போடுகிறவர்கள் இதையும் சேர்த்தே போடுகிறார்கள்.

மண்ணெண்ணெயில் எப்படி ஓடின?

1990 ஜூனில் மீண்டும் யுத்தம் தொடங்கியதும் வடக்கின்மீது பொருளாதாரத் தடை இறுகியது. பெற்றோல், டீசல், பற்றரி எல்லாம் தடைப்பட்டன. மின்சாரம் நின்றது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். பெற்றோல் சின்னப் போத்தல்களில், மருந்துபோல் விற்கப்பட்டது. மண்ணெண்ணெய்தான் ஓரளவாவது கிடைத்தது. அதில்தான் கார்களும் ஓடின.

இன்று இருபது வயதுப் பிள்ளைக்கு இதைச் சொன்னால் நம்பாது. அதனால் விளக்கமாகவே சொல்கிறேன்.

பெற்றோல் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகும். காற்றோடு கலந்து ஒரு தீப்பொறியில் பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் ஆவியாகாமல் துளியாகவே நிற்கும், பற்றாது. இயந்திரம் சூடேறிய பிறகு அந்தச் சூட்டில் ஆவியாகத் தொடங்கும். ஆகவே ஸ்ரார்ட் பண்ணுவதற்கு மட்டும் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். பால்மா ரின்னின் வேலை அதுதான். திருகியைத் திறந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு, இயந்திரத்தைக் கிளப்பி, அது சூடானதும் திருகியைப் பூட்டி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ரின் இல்லாதவர்கள் போத்தலால் ஊற்றினார்கள்.

எல்லாக் கார்களாலும் இதைத் தாங்க முடியாது. பெற்றோலோடு ஒப்பிட்டால் மண்ணெண்ணெய் அழுத்தத்தில் முந்திக்கொண்டு வெடிக்கும். இயந்திரம் 'டொக் டொக்' என்று தட்டும். ஏ40இன் இயந்திரம் எரிபொருள் கலவையை ஏறக்குறைய ஏழில் ஒன்றாகத்தான் அழுத்துகிறது. இன்றைய கார்கள் பத்தில் ஒன்றாகவும் அதற்கு மேலும் அழுத்துகின்றன. அழுத்தம் குறைந்த பழைய இயந்திரம் மட்டமான எரிபொருளைப் பொறுத்துக்கொண்டது. அதோடு, ஏ40இல் எரிபொருள் உள்ளே போகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் இயந்திரத்தின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. வெளியேறும் சூடு உள்ளே வரும் மண்ணெண்ணெயை ஆவியாக்க உதவியது. நிபுணர் கண்ணில் அது காலங்கடந்த வடிவமைப்பு. எங்களுக்கு அதுவே உயிர்.

இந்த யோசனை வானத்திலிருந்து வந்ததல்ல. பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாறும் பேர்கசன் உழவு இயந்திரங்கள் 1940களின் இறுதியிலேயே தொழிற்சாலையில் செய்யப்பட்டன. அவற்றில் அழுத்தம் இன்னும் குறைத்து வைக்கப்பட்டிருந்தது. உழவு இயந்திரம் தெரிந்த ஊரில் அந்த அறிவு காருக்குத் தாவியதில் வியப்பில்லை.

பற்றரி வலுவிழந்த குறையை முன் பம்பருக்குள்ளால் செருகிச் சுழற்றும் கைப்பிடி தீர்த்தது. புதிய கார்களில் அது இல்லை. பழசு என்று ஒதுக்கப்பட்ட ஒவ்வொரு அம்சமும் அந்த ஐந்து வருடங்களில் தகுதியாக மாறியது.

விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ஓரமாக இறங்கி என்ஜின் ஒயிலை நீராக்கும். ஒயில் நீர்த்தால் பேரிங் தேயும். பிளக்கில் கரி படியும். வெள்ளைப் புகை கண்ணை எரிக்கும். சாரதிகள் ஒயிலை வடித்து, பிளக்கைச் சுரண்டி, வால்வைத் தேய்த்து மறுநாளும் ஓட்டினார்கள். நிறுத்தினால் மீண்டும் ஸ்ரார்ட் பண்ணப் பெற்றோல் வேண்டும் என்பதால், ஆசுபத்திரி வாசலில் இயந்திரத்தை நிறுத்தாமலே நோயாளியை இறக்குவார்கள்.

இதில் என்னை உறுத்தும் ஒரு தகவல் உண்டு. இதே 1990களில், இங்கிலாந்திலுள்ள மைனர் பிரியர்களுக்கான உதிரிப்பாகங்கள் இலங்கையில் செய்யப்பட்டு ஏற்றுமதியாகின. தீவின் ஒரு பக்கத்தில் மைனருக்குப் புது மட்கார்ட் அடிக்கப்பட்டுக் கப்பலேறியபோது, மற்றப் பக்கத்தில் அதே மைனர் பால்மா ரின்னோடு ஓடியது.

1995, 2009

1995 ஒக்டோபர் 30 இரவு. வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நகர்ந்தபோது நான் சின்னப்பிள்ளை. எங்கள் அம்மம்மாவால் நடக்க முடியாது. அயலில் ஹையர் ஓடுகிற ஏ40 ஒன்றில் அவரையும் இன்னும் நாலு கிழவிகளையும் ஏற்றினார்கள். நாங்கள் பக்கத்தில் நடந்தோம். நாவற்குழிப் பக்கம் சனம் இறுகி நின்றதில் கார் எங்களைவிட வேகமாகப் போகவில்லை. போத்தலில் பெற்றோல் முடியும் தறுவாயில் இருந்தது. நிறுத்தினால் மீண்டும் கிளப்ப முடியாது. அதனால் சாரதி இயந்திரத்தை நிறுத்தவே இல்லை. அது கொதித்தது. மழைத் தண்ணீரை வெள்ளவாய்க்காலில் அள்ளி அள்ளி றேடியேற்றருக்குள் ஊற்றினார்கள். அப்பாவும் அள்ளினார். விடியும்போது கார் கைதடி தாண்டியிருந்தது. அம்மம்மா உயிரோடு இருந்தார்.

அந்தக் கார் இப்போது எங்கே என்று எனக்குத் தெரியாது. பழைய கார் எதைக் கண்டாலும் பொனற்றுக்குள் எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு அதிலிருந்து வந்ததுதான்.

2009 மே மாதத்துக்குப் பிறகு முல்லைத்தீவில் கைவிடப்பட்ட வாகனங்கள் மலையாகக் குவிந்துகிடந்த காட்சியை நாங்கள் எல்லோரும் கண்டோம். பிறகு வந்த பழைய இரும்பு வியாபாரம் அந்தக் குவியல்களைக் கரைத்தது. எந்தக் கார் யாருடையது, கடைசியாக யாரை ஏற்றியது என்ற விபரமெல்லாம் கிலோக் கணக்கில் போயிற்று. மீள்குடியேறிய வளவுகளில் மரம் முளைத்த கார் கூடுகளைக் கண்டவர்களும் உண்டு. அவற்றிலும் பெரும்பாலானவை போய்விட்டன.

இப்போது நடப்பது

2020 முதல் 2025 தொடக்கம்வரை தனியார் வாகன இறக்குமதி மீண்டும் நின்றிருந்தது. இருந்த எல்லா வாகனத்துக்கும் விலை ஏறியது. 2022இல் பெற்றோல் வரிசைகளில் நின்றபோது, மண்ணெண்ணெய்க் காலத்தை அனுபவித்த முதியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஆனால் அந்த வருடம் மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை. ஓகஸ்ட் மாதத்தில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது.

இன்று யாழ்ப்பாணத்துப் பழைய கார்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, யப்பானிய இயந்திரம் ஏற்றித் தொடர்ந்து ஓட்டுவது. உழைப்புக்கு அது நியாயம். குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை. இரண்டாவது, தரகர்மூலம் தெற்கிலுள்ள சேகரிப்பாளருக்கு விற்பது. மகளின் கலியாணத்துக்கோ மகனின் வெளிநாட்டுப் பயணத்துக்கோ காரை விற்ற குடும்பங்களை எனக்குத் தெரியும். வாங்குகிறவர் அதை அன்போடு புதுப்பிப்பார். ஆனால் முதலில் கழற்றி எறியப்படுவது பால்மா ரின். மூன்றாவது, வளவில் நின்று துருப்பிடிப்பது.

மூன்று வழியிலும் அழிவது ஒன்றுதான்: 1990 முதல் 1995 வரை இந்தக் கார் என்ன செய்தது என்பதன் தடயம்.

லோங்பிரிட்ஜிலிருந்து வெளிவந்த நாளில் இருந்ததுபோல ஒரு சோமசெற்றை ஆக்கிவைப்பதுதான் 'ஒரிஜினல்' என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிப்பட்ட கார்கள் உலகில் வேறும் உண்டு. ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமான சோமசெற்கள் செய்யப்பட்டன. பால்மா ரின்னோடு, சன்னம் துளைத்த இடத்தில் ஒட்டுப்போட்ட கதவோடு நிற்கும் சோமசெற் எங்கள் ஊரைவிட்டால் வேறெங்கும் இல்லை. உலகச் சேகரிப்பாளர் மத்தியிலும் இன்று சிந்தனை மாறிவருகிறது. ஃபிவா ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம், முழுதாகப் புதுப்பிப்பதைவிட இருக்கிறதைப் பேணுவதற்கே முதலிடம் கொடுக்கிறது. ஒரு வாகனம் உழைத்த காலத்தில் ஏற்பட்ட மாற்றங்களும் அதன் வரலாறுதான் என்பதே அதன் போக்கு. அந்தக் கண்ணால் பார்த்தால், மைதானத்தில் இளைஞர் கழற்றச் சொன்ன ரின்தான் அந்தக் காரின் மிக அரிய பாகம்.

வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியவை

பணம் இல்லாமலே செய்யக்கூடிய வேலைகள் பல உண்டு.

எதையும் கழற்றுமுன் படம் எடுங்கள். கைத்தொலைபேசி போதும். பொனற்றுக்குள், ஆசனத்துக்குக் கீழே, டிக்கிக்குள், சசி இலக்கத் தகடு, இலக்கத்தகடு, ஒட்டுப்போட்ட இடங்கள் எல்லாவற்றையும் எடுங்கள். கழற்றவேண்டி வந்தால், கழற்றியதை எறியாமல் ஒரு பெட்டியில் போட்டு, எங்கிருந்தது என்று துண்டில் எழுதி வையுங்கள். காரை விற்றாலும் அந்தப் பெட்டியைக் காரோடு கொடுங்கள். அல்லது நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவுப் புத்தகத்தைப் பாதுகாத்துப் பிரதி எடுங்கள். பழைய புத்தகங்களில் சொந்தக்காரர் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். சில ஊர்களின் இடப்பெயர்வே அந்தப் பக்கங்களில் இருக்கிறது. இடப்பெயர்வில் புத்தகம் தொலைந்திருந்தால், இலக்கத்தையும் சசி இலக்கத்தையும் கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரிக்கலாம். இயந்திரம் மாற்றினால் அதையும் பதிய மறக்கவேண்டாம். பதியாத மாற்றம் பிற்காலத்தில் உரிமையைச் சிக்கலாக்கும்.

கடல் சூழ்ந்த எங்கள் ஊரில் பெரிய எதிரி உப்புக்காற்று. கதவுக்குக் கீழுள்ள பெட்டிச் சட்டங்கள், மட்கார்ட்டின் உட்பக்கம், ஆசனத்தின் கீழ்த் தகடு ஆகியவைதான் முதலில் போகும். மாரிக்குப் பிறகு நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவி உலரவிடுங்கள். மழைத் தண்ணீர் வடியும் துளைகளைக் குத்தித் திறந்து வையுங்கள். தார்ப்பாயைக் காரில் ஒட்டி மூடவேண்டாம். அடியில் ஈரம் தங்கிப் பிறகு அதுவே துருவாக்கும். கொட்டிலுக்குக் காற்றோட்டம் வேண்டும்.

நிற்கும் காரை மாதத்துக்கு இரண்டு முறையாவது ஸ்ரார்ட் பண்ணிச் சூடேற விடுங்கள். ஈயம் கலந்த பெற்றோலுக்கென்று செய்த இந்த இயந்திரங்களின் வால்வு இருக்கைகள் இன்றைய ஈயமற்ற பெற்றோலில், அதிலும் வேகமாக ஓட்டினால், தேயக்கூடும். ஓடக்கூடிய நல்ல நிறத்தைச் சுரண்டிப் புதுப் பெயின்ற் அடிக்க அவசரப்படவேண்டாம். ஒருமுறை சுரண்டினால் பழைய நிறம் திரும்பாது.

பிரேக்கில் மட்டும் பழமை பேசவேண்டாம். பிரேக் குழாய், ரயர், ஸ்ரேறிங் மூட்டு, மின் வயர் ஆகியவற்றைத் தயங்காமல் புதிதாக்குங்கள்.

கடைசியாக, மிக முக்கியமாக: அந்தக் காரை ஓட்டியவரிடம், திருத்தியவரிடம் பேசிப் பதிவுசெய்யுங்கள். ரின்னை யார் ஒட்டினார், எந்தக் கராஜ், எத்தனை போத்தல் பெற்றோல், யாரை ஏற்றிக்கொண்டு எங்கே போனார்கள். இரும்பு இன்னும் ஐம்பது வருடம் நிற்கும். மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய கைகள் பெரும்பாலும் எழுபதைக் கடந்துவிட்டன.

கடைசி வரிசை

மதியம் அணிவகுப்பு தொடங்கியது. தெற்கிலிருந்து வந்த கார்கள் ஒவ்வொன்றாக ஓசையில்லாமல் புறப்பட்டன. பெரியவர் டிக்கிக்குள்ளிருந்து கைப்பிடியை எடுத்து, பம்பருக்குள்ளால் செருகி, ஒரே சுற்றில் கிளப்பினார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். காலையில் ரின்னைக் கழற்றச் சொன்ன இளைஞர் கைத்தொலைபேசியில் அதைப் பதிவுசெய்துகொண்டிருந்தார்.

"ஐயா, இந்த ரின்னுக்குள்ள எவ்வளவு பிடிக்கும்?" என்று கேட்டார் அவர், இப்போது வேறு குரலில்.

"அரைப் போத்தல். அரைப் போத்தலில ஒரு கிழமை ஓடுவன்" என்றார் பெரியவர். பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளை, எழுதிறதெண்டா இதையும் எழுது. இந்தப் பின் சீற்றில மூண்டு பிள்ளையள் பிறந்திருக்குதுகள். ஒண்டு இப்ப கனடாவில" என்றார்.

எழுதிவிட்டேன். கனடாவில் இருக்கும் அந்தப் பிள்ளை இதைப் படித்தால், கறுப்பு ஏ40 இன்னும் ஓடுகிறது, ரின்னும் அதே இடத்தில் இருக்கிறது.